பண்டாரநாயக்கா: வாழ்வும் முடிவும்

ஆளுவோன் ஒருவன் மக்களுக்குத் தீங்கு இழைப்பானாயின் அவனைக் கொல்வது தகுமோ என்னும் வினா நமது பெங்களூருக்குப் புதிதன்று. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ராஜீவ் காந்தியின் கொலையை நடத்திய சிவராசனும் கூட்டாளிகளும் இந்நகரின் ஓரத்திலுள்ள கோணனகுண்டேயில் போலீசாரால் சூழப்பட்டு மாண்டனர். அவ்வினாவுக்கு விடை தேடும் பௌத்தர், இலங்கைப் பிரதம மந்திரியாயிருந்த பண்டாரநாயக்காவின் சரித்திரத்தை அறிவது நலம். தமிழராகிய நமக்கு அவர்மீது மனக்குறை உண்டு. பௌத்தராகிய நமக்கு அவர் மாண்ட விதத்தால் தலைகுனிவு உண்டு.

சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்கா 1899-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் ஆங்கில அரசாங்கத்தின் மகா முதலியார். ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. கிறிஸ்தவராக வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, 1925-ல் தாயகம் திரும்பியவர், பின்னர்ச் சுதேச உடை தரித்துப் பௌத்தத்தைத் தழுவினார். வாக்குக்காகவே மதம் மாறினார் என்று எதிரிகள் தூற்றினர். பிறந்த சமயத்தை விட்டு வந்த நமக்கு இத்தகைய பழிச்சொல் பழக்கமானதே.

1926-ல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருந்தும் என்று யாழ்ப்பாணத்தில் சொற்பொழிவாற்றியவர் இவரே என்றால் இன்று வியப்பாயிருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1956-ல், பிக்குகளின் பேராதரவுடன் பிரதம மந்திரியாகி, சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றினார். கொழும்பில் சாத்வீகமாக மறுப்புத் தெரிவித்த தமிழர் அடிக்கப்பட்டனர். 1957 ஜூலை 26-ல் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பிக்குகள் அவர் வீட்டு வாயிலில் அமர்ந்து எதிர்க்க, அதனைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலகம் மூண்டது. தமிழர் பலர் உயிரிழந்தனர். அவசரநிலை அறிவிக்கச் சில நாட்கள் கழிந்தன. அத்தயக்கத்தை மன்னிப்பது எளிதன்று. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ் மொழிக்குச் சில உரிமைகள் தரும் சட்டத்தையும் அவரே நிறைவேற்றினார். இவ்வாறு பலமுறை திரும்பிய மனிதர் இன்னொரு முறை எத்திசை திரும்பியிருப்பார்? அதை அறியும் வாய்ப்பைத் துப்பாக்கி அழித்துவிட்டது.

1959 செப்டம்பர் 25-ஆம் நாள் காலை, ரோஸ்மீட் பிளேசிலுள்ள தமது இல்லத்தில் அவர் மக்களைச் சந்தித்துக் கொண்டிருந்தார். காத்திருந்தோருள் தல்துவே சோமராமா என்னும் பிக்குவும் ஒருவர். சுதேச முறையில் கண் வைத்தியம் செய்பவர். சீவரம் கண்டவுடன் பிரதமர் பணிந்து வணங்கினார். அந்தச் சீவரத்தின் மறைவிலிருந்தே கைத்துப்பாக்கி வெளிவந்தது. மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது.

நாட்டுக்காகவும் இனத்துக்காகவும் சமயத்துக்காகவும் செய்ததாகச் சோமராமா முதலில் வாக்குமூலம் அளித்தார், பின்னர் மறுத்தார். ஆனால் வழக்கு மன்றத்தில் அரசுத் தரப்பு எடுத்துரைத்தது வேறு. சதிக்குத் தலைவராக நின்றவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கிதர். 1956 தேர்தலில் பிரதமருக்காக உழைத்த அவர், கப்பல் வியாபாரத்திலும் சர்க்கரை ஆலையிலும் எதிர்பார்த்த ஆதாயம் கிட்டாமையால் பகைத்தார் என்பதே அக்குற்றச்சாட்டு. (நமது காந்திநகரில் 1956-ல் மகாபோதி சங்கத்தை நிறுவிய ஆசாரிய புத்தரக்கிதர் வேறு, பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டா.)

திபெத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் தன்மத்தை ஒடுக்கிய லாங்தர்மா மன்னனை ஒரு பிக்கு அம்பெய்து கொன்றாரென்றும், அது கருணையால் செய்ததென்றும் அந்நாட்டு மரபு கூறும். இதை மேற்கோளாகக் காட்டுவோர் உளர். ஆனால் கருணையா, கப்பல் வியாபாரமா என்பதை எய்தவனே சொல்ல, நாம் நம்ப வேண்டுமோ? விநயத்தில் விலக்கு எதுவும் இல்லை. மனிதனை அறிந்து கொன்ற பிக்குவும் கொல்லத் தூண்டிய பிக்குவும் ஒருங்கே சங்கத்தை இழக்கின்றனர்.

கோசாம்பியில் கலகமிட்ட பிக்குகளுக்குப் பகவன் உரைத்த தீகாவு குமாரன் கதையையும் நினைத்தல் தகும். பெற்றோரைக் கொன்ற காசி மன்னன் தன் மடியில் துயிலும் வேளையில் அக்குமாரன் மும்முறை வாளை உருவினான். மும்முறையும் தந்தையின் இறுதிச் சொல்லை எண்ணி உறையிலிட்டான். அவனுக்கிருந்த நியாயம் சோமராமாவுக்கு இருந்ததா?

குண்டடிபட்டுக் கிடந்த நிலையிலும் பண்டாரநாயக்கா, தம்மைச் சுட்டவன்மீது பழிவாங்க வேண்டா, இரக்கம் காட்டுக என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் அரசாங்கம் 1958-ல் நிறுத்தி வைத்திருந்த மரண தண்டனை, அவர் இறந்த சில மாதங்களுக்குள் மீட்கப்பட்டது. புத்தரக்கிதரின் தண்டனை மேல்முறையீட்டில் ஆயுள் சிறையாகக் குறைந்தது. சீவரத்தைத் துறந்து, சிறையிலேயே கிறிஸ்தவராகிய சோமராமா, 1962 ஜூலை 6-ஆம் நாள் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்.