இடக்கை மேதை



வரதராஜன்பேட்டையில் திருவிழான்னா பேண்டு செட் இல்லாமலா? அதில் டிரம் அடிப்பவன் நான். இடக்கைக்காரன். குச்சியை மாத்திப் பிடிடான்னு திட்டு வாங்கியே வளர்ந்தவன். அதனாலேயே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை மீது எனக்குத் தனிப் பாசம்.

1908-இல் பிறந்தவர். தந்தை முத்தையா பிள்ளையும் மிருதங்கக் கலைஞர். பிறகு புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் பாடம். மிருதங்கத்தின் வலந்தலையை எல்லோரும் வலக்கையால் வாசிக்க, இவர் வாசித்தது இடக்கையால்! வலந்தலை சபையைப் பார்த்து இருக்கணுமே! அதற்கு இவர் பாடகரின் இடப்பக்கம் உட்காரணும். வயலின்காரர் வலப்பக்கம் மாறணும். பலர் சம்மதிக்கலை. வாய்ப்புகள் நழுவின. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் துணிந்து தன் கச்சேரிகளில் அவரை உட்கார வைத்தார். பின்னாளில் பாலக்காடு மணி ஐயருக்கு இணையாகப் பேசப்பட்டார். கஞ்சிராவிலும் கெட்டிக்காரர். 1962-இல் மறைந்தார். சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் அந்த வித்தையைக் கற்பித்தார்.

பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாரும் இடக்கைக்காரர்தான். அவர் வலக்கைக்காரர்களுக்கான டிரம் செட்டிலேயே வாசித்துப் பெயர் வாங்கினார். நம்மவரோ கையை மாற்றவில்லை. மேடையை மாற்ற வைத்தார்!

நண்பர்களே, கல்லூரி விழாவில் நான் டிரம் செட்டை மாத்திப் போட்டு உட்காருவேன். நேரமாகுதேன்னு முகம் சுளிக்காதீங்க. தாளம் தப்பினால் மட்டும் கேளுங்க!

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்