வீடே பட்டறை ஆயிற்று

வில்லியம் ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தை படைப்பிரிவின் இசைக்குழுவைச் சேர்ந்தவர். மகனும் இசையே கற்றார். 1757இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்ற ஹெர்ஷல், பின்னர் பாத் என்னும் ஊரில் தேவாலய இசைஞராகவும் இசை ஆசிரியராகவும் வாழ்ந்தார்.

இசையின் கணக்கை அறிய விரும்பி ராபர்ட் ஸ்மித் எழுதிய நூலைப் படித்தார். அதே ஆசிரியரின் ஒளியியல் நூல் அவரை வானத்தின் பக்கம் திருப்பியது. நல்ல தொலைநோக்கி வாங்கப் பணம் இல்லை; ஆகவே, தாமே செய்யத் துணிந்தார். தொலைநோக்கிக்குக் குழியாடி வேண்டும். ஆடிக்குச் செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்க்க வேண்டும். வார்ப்புக்கு அச்சு வேண்டும், உருக்க உலை வேண்டும். குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்து அச்சு செய்தனர். வரவேற்பறையில் குழாய் உருவாயிற்று. படுக்கையறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் எந்திரத்தை நிறுவினார்.

பாடகியாகும் ஆசையோடு 1772இல் வந்த தங்கை கரோலினுக்கும் இவ்வேலைகளே வந்து சேர்ந்தன. பாட்டுப் பயிற்சிக்கு அண்ணனுக்கு நேரம் குறைந்தது. அது அவருக்கு வருத்தமே. எனினும், அண்ணன் 16 மணி நேரம் கையெடுக்காமல் ஆடியை மெருகேற்றியபோது, உணவை வாயில் ஊட்டியவர் அவர்தாம்.

1781 மார்ச் 13ஆம் நாள் இரவு, தாம் செய்த தொலைநோக்கியில் ஹெர்ஷல் ஒரு புதிய பொருளைக் கண்டார். வால்மீன் என்றே முதலில் எண்ணினார். அதுவே யுரேனஸ் கோள். அத்துடன் அவர் அமைதியடையவில்லை. அவ்வாண்டே மூன்றடி அகல ஆடி வார்க்க முயன்றார். உலை பிளந்தது, உருகிய உலோகம் தரையில் பாய, தளக்கற்கள் வெடித்துச் சிதறின. அனைவரும் ஓடி உயிர் தப்பினர்.

மறு ஆண்டு மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அளித்தார், இசைத்தொழிலைக் கைவிட்டார். 1789இல் 40 அடி நீளத் தொலைநோக்கியை முடித்தார். கரோலினும் எட்டு வால்மீன்களைக் கண்டறிந்தார்.

1800இல் சூரியனைப் பார்க்க வண்ணக் கண்ணாடிகளைத் தேர்ந்தபோது, சில நிறங்களில் வெப்பம் மிகுதியாக இருப்பதை உணர்ந்தார். உடனே முப்பட்டகமும் வெப்பமானிகளும் மேசைக்கு வந்தன. சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே விழாத இடத்தில் வைத்த வெப்பமானியில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது.