தோல்வியையும் எழுதிவைத்த மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி

ஸ்பெயினை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், தலைநகர் குர்துபாவுக்கு அண்மையில், கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 936ஆம் ஆண்டில் ஓர் அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கினார். மதீனத்துஸ் ஸஹ்ரா என்பது அதன் பெயர். அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் என்னும் மருத்துவ மேதை அந்நகரின் பெயராலேயே அஸ்ஸஹ்ராவி என்று அறியப்பட்டார்கள். அன்னாரின் இளமை பற்றியோ ஆசிரியர்கள் பற்றியோ வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதிவைக்கவில்லை. அன்னாரை நாம் அறிவது அன்னாரின் நூலைக் கொண்டுதான்.

'அத்தஸ்ரீஃப்' எனத் தொடங்கும் அந்நூலின் பெயரைக் கேட்டதும், மதரஸாவில் ஸர்ஃபுப் பாடம் ஓதியவர்களுக்கு ஏதோ இலக்கணக் கிதாபு என்று தோன்றக்கூடும். அன்று, தாமே நூல்களைத் திரட்டிக்கொள்ள இயலாதவர்க்கு உதவும் மருத்துவக் களஞ்சியம் அது. 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கே உரியது. சூடிடுதல், அறுத்தல், எலும்பு கட்டுதல் ஆகிய மூன்றும் அதில் கருவிகளின் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

வேறு எவரேனும் ஆயின் இத்தகைய நூலைத் தம் வெற்றிகளைக் கூறித் தொடங்கியிருப்பர். ஸஹ்ராவி அவர்களோ மரணங்களைக் கூறித் தொடங்குகிறார்கள். உடற்கூறு அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கண்டமாலையை அறுத்தபோது நாடிகளையும் சேர்த்து அறுத்துவிட்டான். இரத்தம் பெருகி அவள் அங்கேயே இறந்தாள். மற்றொருவன் ஒரு முதியவரின் நீர்ப்பையிலிருந்து கல்லை எடுக்கையில் பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்தான். மூன்றாம் நாள் அவர் காலமானார். கற்க வருபவன் முதலில் அஞ்சக் கற்கவேண்டும் என்பது அன்னாரின் எண்ணம் போலும்.

பல், தாடை, முகம் பற்றிய அத்தியாயங்களிலும் இதே கவனத்தைக் காண்கிறோம். அக்காலத்தில் பல் பிடுங்கியவர்களுள் நாவிதர்கள் பலர். வலி எந்தப் பல்லில் என்பதை நோயாளியே பிழையாகச் சுட்டக்கூடும். நல்ல பல் போய்விடும், வலியோ நிற்கும். அவசரப்பட்டு இழுத்தால் பல் முறிந்து வேர் உள்ளே தங்கும். சில வேளை தாடையெலும்பின் சிராயும் பிய்ந்து வரும். ஆகவே முதலில் ஈறைச் சுற்றிலும் விடுவித்து, பல்லைச் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்தி, பின்னர் நேராக இழுக்கவேண்டும் என்கிறார்கள். சொத்தைப் பல்லாயின் குறடு அதை நொறுக்கிவிடாதபடி குழியைத் துணியால் அடைக்கச் சொல்கிறார்கள். இரத்தம் நில்லாவிடில் துத்தப்பொடி. அதற்கும் அடங்காவிடில் சூடு.

கீழ்த்தாடை முறிந்தால் வாயினுள் ஒரு கைவிரலை விட்டு உள்ளிருந்து தள்ளி, மறுகையால் வெளியிலிருந்து எலும்பைச் சமன்செய்ய வேண்டும். ஆடும் பற்களைக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். பற்களைக் கட்டுவதற்கு வெள்ளியைவிடப் பொன்னே மேல் என்றார்கள்; வெள்ளி சில நாட்களில் கெட்டு நிறம் மாறும், பொன் மாறாது. கட்டுப் போட்டபின் பேச்சைக் குறைத்து மென்மையான உணவை உண்ணவேண்டும். பெரும்பாலும் மூன்று வாரங்களில் எலும்பு கூடிவிடும். தகடும் திருகாணியும் வந்துவிட்ட இன்றும், தாடை முறிவுக்குப் பற்களைக் கம்பியால் பிணைக்கும் வழக்கம் கைவிடப்படவில்லை.

கத்தியை எடுக்கக் கூடாத இடத்தையும் அன்னார் காட்டினார்கள். நாவின் அடியில் எழும் கட்டி வெளிறி, நீர் நிறைந்திருந்தால் அறுக்கலாம். கறுத்து, கடினமாகி, உணர்ச்சியற்றிருந்தால் தொடலாகாது, அது புற்று.

ஒரு பெண்மணி தொண்டைக் கட்டியுடன் அன்னாரிடம் வந்தார். மூச்சு முட்டியது, உணவும் நீரும் இறங்கவில்லை. கட்டியின் இரு கிளைகள் மூக்கின் இரு துளைகளிலும் வெளிவந்திருந்தன. கொக்கியால் இழுத்து அவற்றை அறுத்தார்கள். பின் வாயைத் திறந்து, நாவை அழுத்தி, உள்ளிருந்ததில் ஒரு பகுதியையும் அறுத்தார்கள். அப்பெண் உடனே நீர் அருந்தினார், உணவும் கொண்டார். ஆனால் கட்டி மீண்டும் வளர்ந்தது. பல நாள் அறுத்தார்கள், பல நாள் வளர்ந்தது. இறுதியில் சூடிட்டபின் வளர்ச்சி நின்றது. அதன்பின் ஸஹ்ராவி அவர்கள் அவ்வூரை விட்டுச் சென்றார்கள். அப்பெண்ணை அல்லாஹ் என்ன செய்தான் என்பது தமக்குத் தெரியாது என்றே எழுதிவைத்தார்கள். பூரணக் குணம் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் யார் மறுத்திருப்பார்?

கி.பி. 1010இல் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013ஐ ஒட்டி அன்னாரும் மறைந்தார்கள் என்பர். 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு, துலைத்துலா என்னும் டொலிடோவில் இப்பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 1497இல் வெனிஸில் அச்சேறியது. அரபு மூலம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1973இல் லண்டனில் வெளிவந்தது. கழுத்தறுபட்ட பெண்ணும், கல்லடைப்பு முதியவரும், முடிவு தெரியாத அப்பெண்மணியும் அதில் அப்படியே இருக்கின்றனர்.