எட்டயபுரத்துச் சுப்பையா

ரஜுலா கப்பலில் இந்நகருக்கு வந்து, சிராங்கூன் சாலையில் பிழைப்புத் தேடிய நம் முன்னோருள் இளம்வயதிலேயே வீட்டைப் பிரிந்தோரும் உண்டு. மகாகவி பாரதியாரும் அத்தகைய பிரிவை அறிந்தவரே.

எட்டயபுரத்தில் 11-12-1882 அன்று பிறந்த அவரை வீட்டார் சுப்பையா என்று அழைத்தனர். ஐந்து வயதில் அன்னை இலக்குமி அம்மாளை இழந்தார். பதினோரு வயதிலேயே கவிபாடிப் பாரதி என்னும் பட்டம் பெற்றார். ஆயினும் தந்தை சின்னசாமி ஐயரின் விருப்பம் வேறாக இருந்தது. மகன் ஆங்கிலம் கற்று உயர்தல் வேண்டும் என எண்ணி, 1894இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். தமிழில் திளைத்த சிறுவனுக்கு அப்படிப்புக் கசந்தது.

பஞ்சாலைத் தொழிலில் பொருளிழந்து நலிந்த தந்தை 1898இல் மறைந்தார். காசியிலிருந்த அத்தை குப்பம்மாள் பாரதியாரை அழைத்துக்கொண்டார். வடமொழியும் இந்தியும் அங்கே அவருக்கு வசமாயின. படங்களில் நாம் காணும் தலைப்பாகையும் மீசையும் காசி வாழ்வில் வந்தவையே என்பர்.

நெல்லையின் கசப்பு மட்டும் நெடுநாள் ஆறவில்லை. 1910இல் வெளிவந்த 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாட்டில், அக்கல்வியால் தந்தையின் பொருள் வீணாயிற்று, தமக்குக் கேடே விளைந்தது என்று சினந்தார். பள்ளி மலரில் இதைக் கூறலாமா என்று தயங்கினோம். அவரே மறைக்காததை நாம் ஏன் மறைத்தல் வேண்டும்?

அதே பாட்டில், தந்தை கள்ளமற்ற உள்ளத்தினர் என்றும், மகனின் நன்மையை நாடியே அவ்வாறு செய்தார் என்றும் எழுதினார். அப்பொழுது தந்தை மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாரதியாரோ ஆங்கில அரசின் கைதுக்குத் தப்பி, சொந்த ஊர் திரும்ப இயலாதவராய்ப் புதுவையில் வாழ்ந்துகொண்டிருந்தார்.