கடலடியில் கணக்கெடுத்த ஹார்னெல்

மலைகள் சூழ்ந்த ஊர் பொம்மிடி. கடல் வெகு தூரம். ஆனாலும், அங்குள்ள கோவில்களில் ஒலிக்கும் சங்கு கடலில் விளைந்ததுதான்!

அந்தச் சங்கையும், முத்தையும், கடலடி உயிர்களையும் ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

இவர் 1865-ம் ஆண்டு பிறந்தார். 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் பிரிட்டனிலிருந்து இலங்கைக்கு வந்தார். மன்னார் கடலில் சில ஆண்டுகள் முத்துச்சிப்பி கொட்டிக் கிடக்கும். பிறகு பல ஆண்டுகள் இருந்த இடமே தெரியாது. இதற்குக் காரணம் என்ன? அதைக் கண்டறிவதே அவர்கள் வேலை.

ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கிவிட்டார்.

கருப்புப் பவளம்

கடலடியில் உள்ள பாறைத் திட்டுக்குப் "பார்" என்று பெயர். அதில்தான் சிப்பி ஒட்டி வளரும். நீரோட்டம் மணலை வாரிக்கொண்டு வந்து மூடினால், சிப்பி மடியும். மீன்களும் அதைத் தின்றுவிடும்.

அந்த ஆராய்ச்சியில் சேகரித்தவற்றில் கருப்புப் பவளமும் இருந்தது. அதைப்பற்றி 1905-ல் தனி அறிக்கையே வெளிவந்தது.

கருப்புப் பவளம் பார்ப்பதற்கு மரம் போல இருக்கும். ஆனால் அது மரம் அல்ல. சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம்! உள்ளே இருக்கும் தண்டுதான் கருப்பு. பெரும்பாலும் 50 மீட்டருக்கும் கீழே, இருண்ட ஆழத்தில் வாழும். அதற்கும் பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களே அதன் உணவு. அதன் கிளைகளில் மீனும் நண்டும் குடியிருக்கும்.

அது வளர்வதோ மிக மெதுவாக. ஹவாய்த் தீவுக் கடலில் 4,000 ஆண்டுக்கு மேல் வயதான கருப்புப் பவளம் உண்டு! மணிமாலைக்காக அதை ஒடித்தால், ஒரே நாளில் எல்லாம் போய்விடும்.

பேராசையின் பலன்

1905-ல் இலங்கைக் கடலில் சுமார் 8 கோடி முத்துச்சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஆசை பெருகியது. மறு ஆண்டே ஒரு கம்பெனி 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி கிடைக்கவில்லை. கம்பெனியை மூட வேண்டியதாயிற்று.

ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன் துறைக்கு வந்தார். 1914-ல் சங்கு பற்றி நூல் எழுதினார். 1918 முதல் 1924 வரை துறையின் தலைவராக இருந்தார். கட்டுமரங்களையும் வள்ளங்களையும்கூட ஆராய்ந்தார். 1949-ல் காலமானார்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாயின. கருப்புப் பவள வியாபாரத்துக்கு 1981-ல் உலக நாடுகள் கட்டுப்பாடு விதித்தன. 2001-ல் இந்தியாவின் வனவிலங்குச் சட்டமும் அதற்குக் காவலாயிற்று.

எடுப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். கடலடியில் ஹார்னெல் செய்த வேலை அதுதான்.