மாணவர் பெயர் நிலைத்தது. ஆசிரியர் என்ன ஆனார்?

இத்தாலியின் மிலான் நகரில் உள்ள புகழ்பெற்ற கால்பந்து மைதானத்துக்கு, 1980-ஆம் ஆண்டு ஜியுசெப்பே மியாஸா என்ற வீரரின் பெயரைச் சூட்டினார்கள். 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் ஆடியவர் அவர். அந்த மியாஸாவின் திறமையைக் கண்டறிந்து, 17 வயதிலேயே பெரிய அணியில் ஆட வைத்த பயிற்சியாளர் யார் தெரியுமா, குழந்தைகளே? அவர்தான் ஆர்பாட் வெய்ஸ்.

ஹங்கேரி நாட்டின் சோல்ட் என்ற ஊரில், 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் வெய்ஸ். கால்பந்தில் இடதுபக்க முன்கள ஆட்டக்காரராக விளங்கினார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஹங்கேரி அணியில் இடம்பெற்றார். பிறகு இத்தாலிக்குச் சென்று இன்டர் மிலான் அணியில் சேர்ந்தார். அங்கே காயம் காரணமாக அவரால் தொடர்ந்து ஆட முடியவில்லை. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. பயிற்சியாளரானார்.

அந்தக் காலத்தில் பயிற்சியாளர்கள் கோட்டும் சூட்டும் அணிந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்பார்கள். வெய்ஸோ அரைக்கால் சட்டை அணிந்து வீரர்களோடு சேர்ந்து ஓடினார். அவர்களுடைய உணவிலும் கவனம் செலுத்தினார். இதற்கு நல்ல பலன் கிடைத்தது. 1930-ல் அவருடைய அணி இத்தாலியின் சாம்பியன் ஆனது. அந்தப் பருவத்தில் மியாஸா மட்டுமே 31 கோல்கள் போட்டார். அப்போது வெய்ஸுக்கு வயது 34.

1935-ல் பொலோனியா அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். அதற்கு முன் தொடர்ந்து ஐந்து முறை பட்டம் வென்றிருந்தது யுவென்டஸ் அணி. அதை முந்தி 1936, 1937 ஆகிய இரு ஆண்டுகளிலும் பொலோனியா பட்டம் வென்றது. 1937-ல் பாரிஸில் நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில், இங்கிலாந்தின் செல்சி அணியை 4-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது.

இவ்வளவு வெற்றி தேடித் தந்தவரை இத்தாலி எப்படி நடத்தியது? 1938-ல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டங்கள் கொண்டு வந்தது. யூதக் குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கக்கூடாது என்றது. வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களை வெளியேறச் சொன்னது. வெய்ஸ் வேலையை இழந்தார். மனைவி எலெனா, மகன் ராபர்டோ, மகள் கிளாரா ஆகியோருடன் 1939 தொடக்கத்தில் பாரிஸுக்குச் சென்றார். பின்னர் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் ஒரு சிறிய அணிக்குப் பயிற்சி அளித்தார்.

1940-ல் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. 1942-ல் வெய்ஸின் குடும்பமே கைதானது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் எலெனாவும் இரு குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அப்போது ராபர்டோவுக்கு வயது 12, கிளாராவுக்கு 8. வெய்ஸ் 1944-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அதே முகாமில் உயிரிழந்தார்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவரைப் பெரும்பாலோர் மறந்தே போனார்கள். 2007-ல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய புத்தகம் அவரை நினைவுபடுத்தியது. 2009-ல் பொலோனியா மைதானத்தில் அவருக்கு நினைவுக் கல் பதித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மிலானிலும், மியாஸாவின் பெயர் தாங்கிய அதே மைதானத்தில், அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

ஒருவரை அவருடைய பிறப்பை வைத்து வெறுப்பது எவ்வளவு பெரிய கொடுமையில் முடியும் என்பதை வெய்ஸின் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.