இரு வல்லரசுகளின் நடுவே ஒரு தமிழர்

ஆற்காடு சர் ஏ. இராமசாமி முதலியாரின் வாழ்க்கை

உலகைப் பிளந்த பகைமைகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் பெரும் பெயர்களையே கூறுவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்காவுக்கும் சோவியத் ருஷ்யாவுக்கும் இடையே வளர்ந்த பூசலைப் பேசும்போதும் ட்ரூமன், ஸ்டாலின், சர்ச்சில் ஆகிய மூவர் பெயரே முன்னிற்கும். ஒரு பக்கம் முதலாளித்துவம். மறு பக்கம் பொதுவுடைமை. அவ்விரு நாட்டுப் படைகளும் நேருக்கு நேர் மோதவில்லை. ஆயினும் 40 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அச்சத்தில் உறைந்து கிடந்தது. அதனாலன்றோ அதற்குப் பனிப்போர் என்று பெயர் வந்தது!

அப்பூசல் கருக்கொண்ட அவைகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பிற்காலத்தில் அவர் தலைமையில் எழுந்த ஒரு நிறுவனம் நாம் குடியேறி வாழும் இந்நகரிலேயே தோன்றியது என்பதும் அவ்வாறே. அப்பெரியார்தாம் ஆற்காடு சர் ஏ. இராமசாமி முதலியார்.

இரட்டையரில் ஒருவர்

1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் கர்நூலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தனர். ஒருவர் இராமசாமி, மற்றவர் இலட்சுமணசாமி. தெலுங்கு பேசும் ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அவர்கள். தாய்மொழி வீட்டிலும் பிறமொழி வீதியிலும் வழங்கும் வாழ்வு எத்தகையது என்பதை மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உருவத்திலும் உடையிலும் வேறுபாடு காண இயலாத இவ்விருவரையும் நாடு ஆற்காடு இரட்டையர் என்றே அழைத்தது. இளையவர் மருத்துவத் துறையில் புகுந்து பெரும்புகழ் பெற்றார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வீற்றிருந்தார். மூத்தவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, வழக்கறிஞராகி, அரசியலில் புகுந்தார்.

நீதிக்கட்சியின் நாவும் எழுதுகோலுமாக அவர் விளங்கினார். அக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ என்னும் ஆங்கில நாளிதழுக்கு ஆசிரியராயிருந்தார். 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பணியாற்றினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஆனால் காலம் காங்கிரசின் பக்கம் திரும்பிவிட்டது. 1934ஆம் ஆண்டு மத்திய சட்டசபைத் தேர்தலில் சத்தியமூர்த்தி அவரைத் தோற்கடித்தார். அதன் பின் மக்கள் வாக்கால் அன்றி, அரசின் அழைப்பாலேயே அவர் பதவிகள் பெற்றார். 1939இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் வாணிப உறுப்பினரானார்.

நாட்டார் ஏற்காத பிரதிநிதி

1942ஆம் ஆண்டு ஜூலையில், நவநகர் மன்னரோடு இவரையும் இந்தியாவின் சார்பில் சர்ச்சிலின் போர் அமைச்சரவைக்கு அழைத்தனர். அடுத்த திங்களிலேயே நம் பம்பாயின் கொவாலியா டாங்க் மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானம் முழங்கிற்று. காந்தியடிகளும் தலைவர்களும் சிறை புகுந்தனர். நாடே சிறைக்கூடமாயிருந்த அந்நாளில், நாட்டின் பெயரால் இலண்டனில் அமர்ந்திருந்த முதலியாரை மக்கள் எவ்வாறு ஏற்பர்?

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் சபையைத் தோற்றுவிக்கும் மாநாடு கூடியபோது இக்கேள்வி உலகறிய எழுந்தது. இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் முதலியார். சர் பிரோஸ்கான் நூனும், வி. டி. கிருஷ்ணமாச்சாரியாரும் உடன் சென்றனர். விஜயலட்சுமி பண்டிதரோ மாநாட்டுக்கு வெளியே நின்று, இவர்கள் பிரிட்டிஷார் பொறுக்கி அனுப்பியவர்களே அன்றி இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று எடுத்துரைத்தார். ருஷ்ய வெளிநாட்டு அமைச்சர் மொலோடோவும், விடுதலை பெற்ற இந்தியாவின் குரல் கேட்கும் காலம் வரும் என்று குத்திக் காட்டினார். அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமற் போகவில்லை. முதலியார் அதற்குத் தம் பணியாலேயே விடை கூற வேண்டியவரானார்.

பூசலின் வித்துக்கள்

அம்மாநாட்டின் மேடையிலேயே நண்பர் பகைவராகும் காட்சி தொடங்கிவிட்டது. ஹிட்லரை வீழ்த்தும் பொருட்டுக் கைகோத்த மூவரில் ரூசுவெல்ட் ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தார். ட்ரூமன் அவர் இடத்தில் அமர்ந்தார். மே 8ஆம் நாள் ஜெர்மனி வீழ்ந்தது. பொதுப் பகைவன் ஒழிந்ததும் உட்பகை தலை தூக்கிற்று. போலந்து நாட்டுக்கு எது உண்மையான அரசு? மாஸ்கோ ஆதரித்த வார்சா அரசை அமெரிக்காவும் பிரிட்டனும் ஏற்கவில்லை. ஆகவே, போரின் முதல் பலியான அந்நாட்டின் நாற்காலி மாநாட்டில் காலியாகவே கிடந்தது. அர்ஜெண்டினாவைச் சேர்ப்பதா என்று ஒரு சண்டை. வல்லரசுகளின் தடுப்பதிகாரம் ஒரு வழக்கைப் பேசுவதையே தடுக்குமா என்று மற்றொரு சண்டை. ட்ரூமன் தம் தூதர் ஹாப்கின்சை மாஸ்கோவுக்கே அனுப்பி, ஸ்டாலின் இணங்கிய பின்னரே இப்பிணக்குத் தீர்ந்தது.

இத்தனை ஆரவாரத்துக்கும் அப்பால், நாடுகளின் பொருளாதார, சமூக ஒத்துழைப்பை ஆராயும் குழுவுக்கு முதலியார் தலைமை வகித்தார். இடம், படை, வாக்கு ஆகியவற்றைப் பற்றிப் பிறர் வாதாடிய வேளையில், இக்குழு வேலையையும் உணவையும் நோயையும் பற்றிப் பேசிற்று. அங்கும் இரு கொள்கைகள் மோதாமல் இல்லை. யாவருக்கும் வேலை அளிப்பது அரசுகளின் கடமை என்று எழுதலாமா? எழுத வேண்டும் என்று ஆஸ்திரேலியா வற்புறுத்திற்று, அமெரிக்கர் தயங்கினர். இறுதியில் உயர்ந்த வாழ்க்கைத் தரமும் அனைவருக்கும் வேலையும் ஐ.நா. சாசனத்தின் 55ஆம் விதியில் இடம்பெற்றன. சீனாவும் பிரேசிலும் கொணர்ந்த, உலகுக்கு ஒரு சுகாதார நிறுவனம் வேண்டும் என்னும் கருத்தும் இம்மாநாட்டிலேயே வேர்விட்டது. ஜூன் 26ஆம் நாள், அடிமை நாடாயிருந்த இந்தியாவின் சார்பில், 50 நாடுகளுள் ஒன்றாக, முதலியார் அச்சாசனத்தில் கையொப்பமிட்டார்.

தலைமை நாற்காலி

1946ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் இலண்டனில் ஐ.நா.வின் பொருளாதார சமூக சபை முதன்முறை கூடியபோது, 18 உறுப்பு நாடுகள் கொண்ட அச்சபை முதலியாரைத் தலைவராகத் தேர்ந்தது. அதே நகரில், அதே வாரங்களில் பாதுகாப்புச் சபையில் ஈரானிலிருந்து ருஷ்யப் படைகள் வெளியேறுவது பற்றி பிரிட்டனின் பெவினும் ருஷ்யாவின் விஷின்ஸ்கியும் சொற்போர் புரிந்துகொண்டிருந்தனர். ஒரே வேளையில் இரு அவைகள். ஒன்றில் பகைமை வளர்ந்தது. மற்றொன்றில் பணி வளர்ந்தது. மனித உரிமைக் குழுவுக்கு அடிகோலியதும், உலகச் சுகாதார மாநாட்டைக் கூட்டத் தீர்மானித்ததும், வாணிபத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் ஒரு மாநாடு வேண்டும் என்று முடிவு செய்ததும் பிப்ரவரித் திங்களில் முதலியார் தலைமையில் நிகழ்ந்தவையே. அச்சுகாதார மாநாட்டின் விளைவாக 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் பிறந்தது. தமையனார் நாற்றங்காலிட்ட பயிருக்குத் தம்பியார் பின்னர் நீர் வார்த்தார்: டாக்டர் இலட்சுமணசாமி அந்நிறுவனத்தின் நிருவாகக் குழுத் தலைவராகவும், 1961இல் புதுதில்லியில் கூடிய அதன் பேரவையின் தலைவராகவும் விளங்கினார்.

ஆனால் பூசலும் நிற்கவில்லை. மார்ச் 5ஆம் நாள் அமெரிக்காவின் புல்டன் என்னும் சிற்றூரில், ட்ரூமன் உடனிருக்க, ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை விழுந்துவிட்டதாகச் சர்ச்சில் அறிவித்தார். முதலியாரின் சபையிலும் அத்திரையின் நிழல் படிந்தது. போரால் வீடிழந்த இலட்சக்கணக்கான அகதிகளைச் சொந்த நாட்டுக்கே திருப்பியனுப்ப வேண்டும் என்றது ருஷ்யா. விருப்பமில்லாதவரை அனுப்பலாகாது என்றன மேனாடுகள். அகதியின் மூட்டையும் கட்சிப் பொருளாயிற்று! 1947இல் ட்ரூமன் கொள்கையும் மார்ஷல் திட்டமும், 1948இல் பெர்லின் முற்றுகையும் தொடர்ந்தன. பிளவு முழுமையடைந்தது.

மைசூரும் ஐதராபாத்தும்

1946இல் முதலியார் மைசூர் திவானானார். அவ்வாழ்க்கைப் பகுதி முழுதும் புகழுக்குரியது என்பதற்கில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னும் மைசூரில் பொறுப்பாட்சி வரத் தாமதமாகவே, 1947இல் மக்கள் அவரை எதிர்த்தே கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபரில்தான் கே. சி. ரெட்டியின் அமைச்சரவை ஏற்பட்டது. ஆனால் சுதந்திர இந்தியாவின் பிரதமர் நேரு, பழைய மாற்றுக்கட்சிக்காரர் என்று அவரை ஒதுக்கவில்லை. 1948 செப்டம்பரில் ஐதராபாத் விவகாரம் பாரிசில் பாதுகாப்புச் சபையின் முன் வந்தபோது, இந்தியாவின் வழக்கை எடுத்துரைத்தவர் முதலியாரே. சான்பிரான்சிஸ்கோவில் பிறர் அனுப்பிய பிரதிநிதியாக நின்றவர், பாரிசில் விடுதலை பெற்ற நாட்டின் வாயாக நின்றார். அவர் வாழ்வில் இதனினும் பெரிய திருப்பம் வேறில்லை.

கட்டாய உழைப்பு வழக்கு

பனிப்போரின் கொடுமையான வழக்கொன்றும் அவரிடம் வந்தது. ருஷ்யாவின் உழைப்பு முகாம்களில் எண்ணற்றோர் அடிமைகளாய் வாடுகின்றனர் என்று அமெரிக்கத் தொழிற்சங்கத்தார் 1947இல் ஐ.நா.வில் முறையிட்டனர். குற்றச்சாட்டு பொய் என்றும், அமெரிக்காவின் நிலையையும் ஆராய்க என்றும் ருஷ்யத் தரப்பு எதிர்த்தது. 1951இல் ஐ.நா.வும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து மூவர் குழுவை அமைத்தன. அதன் தலைவர் முதலியார். நார்வே நாட்டின் பால் பெர்க் மற்றோர் உறுப்பினர். மூன்றாமவர் இலத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவர்.

ஒரு தரப்பின் கைக்கருவியாகிவிடுவது அங்கு எளிது. அக்குழுவோ ருஷ்யாவை மட்டும் கூண்டிலேற்றவில்லை. தென்னாப்பிரிக்காவையும், மேனாட்டார் ஆண்ட குடியேற்ற நாடுகளையும் ஆராய்ந்தது. அரசியல் கருத்துக்காக மனிதரை அடக்கும் கட்டாய உழைப்பு ஒன்று, பொருளாதார இலாபத்துக்காக வாங்கும் கட்டாய உழைப்பு மற்றொன்று என இரு வகையும் உலகில் உண்டு என 1953இல் அறிக்கை தந்தது. சோவியத் முகாம்களின் கொடுமையையும் மறைக்கவில்லை. அதன் பயனாகவே 1957இல் கட்டாய உழைப்பை ஒழிக்கும் 105ஆம் உடன்படிக்கை உருவாயிற்று. நம் நாடு அதனை 2000ஆம் ஆண்டில் ஏற்றது. குற்றம் சாட்டியவர் நோக்கம் எதிரியைத் தாழ்த்துவது. முதலியார் குழு ஆற்றிய பணியோ தொழிலாளியை உயர்த்துவது.

பம்பாய்க்கு வந்த பணி

1955ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் பம்பாயில் இந்தியத் தொழிற்கடன் முதலீட்டுக் கழகம் தொடங்கப்பெற்றது. இன்று ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி என்று நாம் அறிவதன் தாய் நிறுவனம் அதுவே. 2002இல் அது அவ்வங்கியோடு இணைந்தது. முதல் தலைவர் இராமசாமி முதலியார். உலக வங்கி 1 கோடி டாலர் கடன் தந்தது. இந்திய அரசு ஏழரைக் கோடி ரூபாய் முன்பணம் அளித்தது. உலக வங்கியோ 1944இல் பிரெட்டன்வுட்சில் பிறந்து, ருஷ்யா சேராது ஒதுங்கியதால் மேனாடுகளின் கையில் நின்ற அமைப்பு. ஒரு திங்கள் கழியுமுன், பிப்ரவரி 2ஆம் நாள், பிலாய் உருக்காலைக்காக ருஷ்யாவோடு நம் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரு கையிலும் வாங்கி, எவர்க்கும் அடிமையாகாதிருக்க முயன்ற நாட்டின் நிலை இதில் விளங்கும்.

செம்பூரில் குடியிருப்போர் இதனைக் கண்ணாலேயே காணலாம். அருகே டிராம்பேயில் அமெரிக்க ஸ்டான்வாக் கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை 1954இல் எழுந்தது. வடக்கே பவாயில் 1958இல் தோன்றிய தொழில்நுட்பக் கழகத்துக்கு ருஷ்யா யுனெஸ்கோ வழியே துணை நின்றது. அதே டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் அணு உலை கனடா தந்தது. அதற்குக் கனநீர் அமெரிக்கா தந்தது. வல்லரசுகளின் போட்டி நம் வாயிற்படிக்கே வந்து ஆலையாகவும் கல்விக்கூடமாகவும் நின்றது. அவற்றை நம்பி இந்நகருக்கு இரயிலேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை!

நிறைவு

1970இல் பத்ம விபூஷண் விருது பெற்ற முதலியார், தம் இரட்டைச் சோதரர் 1974இல் மறைந்த பின் ஈராண்டுகள் வாழ்ந்து, 1976ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் தமது 88ஆம் வயதில் காலமானார். அவர் இளமையில் கண்ட பிரிட்டிஷ் பேரரசு அவர் கண்முன்னே சரிந்தது. அவர் மறைந்து 15 ஆண்டுகளில் சோவியத் யூனியனும் சிதறிற்று. வல்லரசுகள் வரும், போகும். சுகாதார நிறுவனமும் கட்டாய உழைப்புக்கு எதிரான உடன்படிக்கையும் நிற்கின்றன.

படைபலமும் கட்சிபலமும் இன்றி, சொந்த நாட்டாரின் ஐயத்தையும் தாங்கிக்கொண்டு, சண்டையிடும் இருவருக்கு நடுவே அமர்ந்து, மூன்றாமவனான ஏழையின் காரியத்தைப் பேச வைத்தவர் அவர். குறையும் நிறையும் கலந்தது அவர் வாழ்வு. எந்த மொழி பேசும் மண்ணில் வாழினும், எந்த அவையில் அமரினும், கிடைத்த நாற்காலியைத் தமக்கன்றிப் பிறர்க்குப் பயன்படச் செய்யலாம் என்னும் பாடத்தை அது தருகின்றது. புலம்பெயர்ந்து வாழும் நம் இளைஞர்கள் கொள்ளத்தக்க பாடம் அதுவே.